மரியம்மாவுக்குக் கஞ்சி வந்த வாசல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சபைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். "தேவன் தம் பிள்ளைகளை அன்றாடம் போஷிக்கிறார்னு ஒரு கதை வேணும். பழவேற்காடு ஏரிக்கரை, ஏழைக் குடும்பம்னு வெச்சுக்குங்க. கடைசியில கதவு தட்டணும். திறந்தா அரிசி மூட்டை இருக்கணும். யார் வெச்சதுன்னு தெரியக் கூடாது" என்றார்.

ஏன் தெரியக் கூடாது? தெரிந்தால் மகிமை மனுஷனுக்குப் போய்விடுமாம்.

அவர் போனதும் எழுத உட்கார்ந்தேன். "அலைகள் தாலாட்டும் அழகிய பழவேற்காட்டுக் கரையிலே, எளிமையும் பக்தியும் நிறைந்த ஒரு—" [அடித்துவிட்டேன். அங்கே தாலாட்டுவதற்கு யாருக்கும் நேரமில்லை.]

"மரியம்மா வீட்டில் அடுப்பு எரியவில்லை." இது நிற்கட்டும்.

2

மரியம்மா என்று ஒருத்தி இல்லை. நான்தான் உண்டாக்கினேன். உண்டாக்கிய கையோடு பட்டினியும் போட்டுவிட்டேன். ஒரு வரியில் அடுப்பை அணைத்தவன், இன்னொரு வரியில் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தோத்திரம் வாங்கிக்கொள்வதா? எனக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறது. அவள் பட்டினி கிடந்தால் காரணம் சொல்ல வேண்டும். சாப்பிட்டால் போட்டது யார் என்றும் சொல்ல வேண்டும்.

காரணம் இதுதான். 1971. மரியம்மா ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிப்பவள், வாயில் பறியைக் கடித்துக்கொண்டு.* மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் ஏரிக்குள் புகுந்துவிட்டால் அந்த வேலை நடக்காது. அதற்காகக் கோடையிலேயே இறாலைக் காயவைத்துப் பானையில் சேர்ப்பாள். மழையில் அதைப் பக்கத்து ஊரான திருப்பாலைவனத்துக்குக் கொண்டுபோய் அரிசிக்கு மாற்றுவாள். அந்தப் பானைதான் அவளுடைய ஐப்பசியும் கார்த்திகையும்.

பாதிரியார் வராத நாட்களில் குப்பத்துச் சபையை நடத்தும் உபதேசியார் தானியேல் அந்தப் பானையைப் பார்த்தார். வனாந்தரத்தில் வானத்திலிருந்து தினமும் விழுந்த மன்னா என்ற அப்பத்தை மறுநாளுக்கு எடுத்துவைத்தவர்களுக்கு அதில் புழு நெளிந்த கதையைச் சொன்னார். "நாளைக்குன்னு சேத்து வெச்சா, கர்த்தர் மேல உனக்கு நம்பிக்கை இல்லைன்னுதானே அர்த்தம்?" மரியம்மா நம்பினாள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள்; அதற்குப் பானையோடு கொடுத்துவிட்டாள். ஏலப் பணம் சபைக் கோயிலின் மதில் சுவருக்குப் போனது. (தானியேல் வீட்டில் மழைக்கு நெல் மூட்டை இருந்தது. அவர் மனைவி ரோசி விவரமானவள், கணவருடைய பிரசங்கத்தை வீட்டுக்குள் விடமாட்டாள்.)

* பறி: பனையோலையில் முடைந்த பை. இரண்டு கையும் தண்ணீருக்குள் தடவ வேண்டும் என்பதால் அதைப் பல்லில்தான் பிடித்துக்கொள்ள முடியும். வேலை செய்யும்போது அவள் பாட்டுப் பாடித் துதிப்பதில்லை என்பது தானியேலுக்கு ஒரு குறை.

3

மழை பிடித்துக்கொண்டது. கணவன் தேசப்பன் கெளுத்தி முள் ஏறிக் கால் வீங்கிக் கிடந்தான். இரண்டு பிள்ளைகள். மரியம்மா தினமும் காலையில் முழங்கால்போட்டு அன்றைய சோற்றைக் கேட்டாள். மாலைவரை காத்திருந்தாள்.

இந்த இடத்தில் ஆசிரியர் கதவைத் தட்டச் சொல்கிறார். யாரும் தட்டவில்லை ஐயா, மழைதான் கூரையைத் தட்டியது.

அந்த வருடம் ரம்ஜான் நோன்பு மழைக்காலத்தில் வந்தது. பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் மாலையில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். மரியம்மா தூக்குவாளியோடு போய் வரிசையில் நின்றாள். ஊற்றியவர் கௌஸ் மைதீன்.

"மழையில இன்னாத்துக்கு நனையற, தாழ்வாரத்துக்கு வாம்மா. வூட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு புள்ளைங்க பாய். அவுரு கால் வீங்கி படுத்துகினு கீறாரு."

தூக்கு நிரம்பும்வரை ஊற்றினார். எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வரிசையில் யாருமே குடிக்காமல் போனதைப் பார்த்திருந்தாள். கொடுத்தவர்கள் வாய் கட்டிக் காத்திருக்கும்போது, வாங்கியவர்கள் முந்திக்கொள்வது மரியாதையில்லை என்று அவளுக்குப் பட்டது. நோன்பு திறக்கும் பாங்கு சத்தம் காற்றில் வரட்டும் என்று தூக்கை நடுவில் வைத்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் தானியேல் உள்ளே வந்தார்.

4

"இன்னா அது?"

"கஞ்சிங்க ஐயா. பள்ளிவாசல்ல குடுத்தாங்க."

"கர்த்தரை நம்பி உன்னால காத்திருக்க முடியல, இல்ல?"

"காத்துகினுதானே இருந்தேன். காலைல கேட்டேன். சாயந்தரம் வந்துச்சு."

"அது கர்த்தர் குடுத்தது இல்ல."

"அப்ப யாருங்க குடுத்தாங்க? குடுக்கறவரு ஒருத்தர்தான்னு நீங்கதானே சொன்னீங்க."

தானியேல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை திருவிருந்து அப்பம் குடுக்க பாதிரி ஐயர் வராரு. அதுக்கு முன்னாடி சபையில எழுந்து நின்னு, அவிசுவாசத்துல செஞ்சிட்டேன்னு சொல்லு. இல்லாட்டி உனக்கு அப்பம் கிடையாது."

பாங்கு கேட்டது. மரியம்மா அவர் எதிரிலேயே பிள்ளைகளுக்குக் கஞ்சியை ஊற்றினாள்.

[தானியேலை வில்லனாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். அவர் கெட்டவர் இல்லை. அன்று தேசப்பன் காலுக்கு மருந்து வைத்துக் கட்டத்தான் மழையில் நடந்து வந்தார், கட்டிவிட்டும் போனார். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.]

5

முடிவுகள்.

அ. மரியம்மா கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறாள். அன்று மாலையே வாசலில் அரிசி மூட்டை. ஆசிரியர் இதைத்தான் அச்சடிப்பார். நான் எழுதமாட்டேன். பசித்த பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தது எந்த வேதத்தில் பாவம்?

ஆ. தானியேல் மனம் மாறி, தானும் ஒரு குவளை கஞ்சி வாங்கி— [எனக்கே நம்பிக்கை வரவில்லை. விட்டுவிட்டேன்.]

இ. மரியம்மா கோயிலுக்கே போகவில்லை. இதை எழுதிப் பார்த்தேன். அவள் கேட்கமாட்டேன் என்கிறாள். பழகிய மனுஷர்மேல் கோபம் என்றால் தகப்பன் வீட்டுக்குப் போகாமல் இருப்பார்களா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை போகிறாள். எழுந்து நின்று எதையும் சொல்லவில்லை. திருவிருந்து நேரத்தில் மற்றவர்களோடு முன்னே போய் முழங்கால்போட்டு, இரண்டு கையையும் ஏந்துகிறாள். இறால் முள் குத்திக் குத்திக் காய்த்த கைகள். தானியேல், ஐயரின் காதில் ஏதோ சொல்கிறார்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவளைப் பட்டினி போட்டது நான், கௌஸ் மைதீனிடம் அனுப்பியதும் நான். இனி என் வேலை இல்லை. ஐயராக உங்களை வைத்திருக்கிறேன். அப்பத் தட்டு உங்கள் கையில் இருக்கிறது, வரிசையில் அடுத்தது மரியம்மா. கொடுப்பதானால் கொடுங்கள். தாண்டிப் போவதானால், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போங்கள்.