ஷைனி பற்றவைத்த தகடு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் வெல்டர் தேர்வு அன்று. சூப்பர்வைசர் கல்பனா மேடம் பிரஸ் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளார்க்கான நான் வாசலோர மேசையில். தேர்வுக்கு வந்த ஜெகனும் ஷைனியும் எதிர் பெஞ்சில். நிரந்தர வேலை ஒன்றுதான், ஒருவருக்குத்தான்.

ஜெகன் பழைய காண்டிராக்ட் வெல்டர். ஷைனி பேக்கிங்கில் இருப்பவள். ஒரு வருடமாகத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு துண்டுத் தகடுகளை ஒட்டிப் பற்றவைத்துப் பழகுவாள். ஒட்டிய இடத்தை உடைத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் கை கழுவுவாள்.

காலையில் மழை. ஷைனி வந்ததும் வெல்டிங் ராடுகளை ஈரம் போக அடுப்பில் வைத்துச் சூடேற்றினாள்.

"இன்னா ஷைனி, நாஷ்டாவுக்கு ராடு வறுக்கிறியா?" என்றான் ஜெகன்.

"உனுக்கும் சேத்துதான் வச்சிக்கிறேண்ணா. எடுத்துக்க."

"பத்து வருஷமா இத்தான பண்ணிக்கினு கீறேன்" என்றவன், பெட்டியிலிருந்த ராடை அப்படியே எடுத்துப் பற்றவைத்தான்.

இப்போது மேடம் இருவர் தகடுகளையும் பிரஸ்ஸில் வளைத்தார். ஜெகனுடையது ஒட்டிய இடத்திலேயே வாய் பிளந்தது. உள்ளே, ராடின் ஈரம் விட்ட ஊசித் துளைகள். ஷைனியுடையது லாடம் போல வளைந்தும் கீறல் விடவில்லை.

ஜெகன் அதைத் தடவிப் பார்த்தான். "இனிமே என் ராடையும் நீயே வறுத்துடும்மா."

"வறுக்கிறேண்ணா" என்று சிரித்த ஷைனி, மேடத்திடம் திரும்பினாள். "நாளிக்கும் துண்டுத் தகடு குடுப்பீங்கல்ல மேடம்?"

நான் நியமனத் தாளில் ஷைனி பெயரை எழுதி, மேடத்திடம் கையெழுத்து வாங்கி, உறையை ஒட்டித் தலைமை அலுவலகத்துக்குக் கூரியரில் அனுப்பினேன்.