துரைக்கு அளவெடுத்த கதை

நிஷாவின் நிச்சயதார்த்த வேலைகளைப் பங்கு போட்டபோது, அவள் அப்பா பஞ்சாட்சரத்தின் தலையில் விழுந்தது நாய்க்குச் சட்டை தைக்கும் வேலை.

நாயின் பெயர் துரை. கோல்டன் ரெட்ரீவர் ஜாதி. நடந்தால் முடி உதிரும், படுத்தால் அதைவிட அதிகம் உதிரும். மாப்பிள்ளை செம்பியனின் அம்மா ஜோதிலட்சுமி அடையாற்றிலிருந்து முதல்முறை வீடு பார்க்க வந்து, சோபாவில் அரை மணி உட்கார்ந்து எழுந்தார். அவருடைய கறுப்புப் பட்டுப் புடவையின் பின்பக்கத்தில் நெசவாளி போடாத ஜரிகை பளபளத்தது. அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. நிச்சயத்துக்கு நாயை ஒரு சட்டை போட்டுக் கூட்டி வரச் சொன்னார். முடி கொட்டாமல் மண்டபத்தில் ஒழுங்காக இருந்தான் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு நிஷாவோடு துரையும் அடையாற்று வீட்டுக்கே வந்துவிடலாம் என்றார். நிஷா சந்தோஷத்தில் துள்ளினாள். அப்பாவுக்கும் ஒரு தொந்தரவு விட்டது என்றாள்.

பஞ்சாட்சரம் தலையை ஆட்டினார். அது எல்லாவற்றுக்கும் அவர் ஆட்டுகிற ஆட்டல்தான். மனைவி இறந்ததிலிருந்து அவர் பேச்சு குறைந்துபோய், மந்தைவெளி வீட்டின் சாய்வு நாற்காலியில் புத்தகமும் கையுமாகவே இருந்தார். அவர் பாதங்களின் மேல் துரை படுத்திருப்பான். ஒரு அத்தியாயம் முடியும்வரை இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அத்தியாயம் முடிந்ததும் துரை பெருமூச்சு விடுவான், அவர் பக்கத்தைப் புரட்டுவார். மனிதர்களில் அப்படி ஒரு துணை அமைவதில்லை என்பது அவர் கருத்து. அந்தக் கருத்தையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் ஆன்லைனில் ஒரு சட்டை வந்தது. பனிக்கட்டிக்கு நடுவில் வாழும் நாய்க்குத் தைத்தது போலிருக்கிறது. கம்பளி, உள்ளே பஞ்சு, கழுத்தில் ஒரு குல்லாய் வேறு. போட்டுவிட்ட கொஞ்ச நேரத்தில் துரை குளியலறை ஈரத்தரையில் போய்ப் படுத்துக்கொண்டு நாக்கைத் தொங்கப் போட்டான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் நிச்சய ஜாக்கெட்டைத் தைத்த ஹமீதுன்னிசாவிடமே அழைத்துப் போகச் சொன்னாள் நிஷா. ஜாக்கெட் துணியில் மிச்சம் இருந்தது. பெண்ணும் நாயும் ஒரே அரக்குப் பட்டில் வரலாம்.

ஹமீதுன்னிசாவின் கடை மார்க்கெட்டை ஒட்டிய சந்தில். அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் அவள் தைத்த ஜாக்கெட்டைத்தான் போட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் பழக்கத்தில் அளவு ஜாக்கெட் எடுத்து வந்தீர்களா என்று கேட்டுவிட்டு, தானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பட்டு உடம்பில் உறுத்தும், வேர்க்கும், உள்ளே மல் துணி கொடுக்க வேண்டும் என்று உடனே யோசித்தும் சொன்னாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

அளவு நாடாவைக் கண்டதும் துரை அதைக் கவ்வி இழுத்தான். மேஜைக்கு அடியில் புகுந்தான். ஹமீதுன்னிசா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னாண்ணே இது, துள்ளிக்கினே கீது. தூக்கி நிக்க வைங்க."

அவளிடம் அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கிக் காட்டியவர்கள். அதனால் பஞ்சாட்சரம் தூக்கிவிட, துரையும் நிமிர்ந்து நின்றான். முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் போட்டுக்கொண்டு மூக்கை நக்கினான். எதிர்க் கடைப் பூக்காரி, இருவரும் ஜோடியாக ஆடப்போகிறார்களா என்று கேட்டாள். ஹமீதுன்னிசா மும்முரமாகத் தோள், மார்பு, கை, இடுப்பு என்று அளந்து குறித்துக்கொண்டாள். ஜாக்கெட் மாதிரியே முன்பக்கம் ஹூக் வைத்து நன்றாக இறுக்கித் தைத்தால் ஒரு முடி வெளியே வராது என்றாள்.

அந்த நொடியில்தான் பஞ்சாட்சரத்துக்கு உறைத்தது. நாய் நடப்பது நாலு காலில். நாய்க்கு முன்பக்கம் என்றால் அது வயிறு. போதாக்குறைக்குத் துரை ஆண் நாய். வயிற்றை முழுக்க மூடினால் அவன் ஒன்றுக்குப் போவது எப்படி?

சொல்ல வாயைத் திறந்தார். சட்டை கோணலாகிவிட்டால் மண்டபத்தில் துரை தேற மாட்டான். தேறாவிட்டால் அடையாறு போக மாட்டான். திறந்த வாயை மூடிக்கொண்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெரிந்தவர்கள், பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

நிச்சயத்தன்று மயிலாப்பூர் மண்டபத்தில் வைத்துத் துரைக்குச் சட்டையை மாட்டினார்கள். தூக்கி நிறுத்தி ஹூக் போட்டபோது கச்சிதமாக இருந்தது. கீழே விட்டதும் சட்டைக் கழுத்து பின்னால் இழுத்தது, சட்டைக் கைகள் மேலே ஏறின. அடுத்தவன் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தவனைப் போல் துரை அசையாமல் நின்றான். நிஷாவின் முகம் வாடியது. பஞ்சாட்சரம் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் துரை யோசிக்கிறவன். எப்படி நின்றால் இழுக்கவில்லை என்று கண்டுபிடித்தான். எழுந்து நின்றான். பின்னங்காலால் இரண்டு எட்டு வைத்தான், தள்ளாடினான், மறுபடி நின்றான். சரியாக அப்போதுதான் ஜோதிலட்சுமி பழத்தட்டோடு வாசலில் நுழைந்தார். அந்தச் சட்டையில் கையை மார்புக்கு நேரே சேர்த்து வைத்துக்கொள்ளத்தான் முடியும், துரை வைத்துக்கொண்டான்.

"கும்பிடுறான் பாருங்க," என்றார் ஜோதிலட்சுமி. குரலே மாறிப்போயிருந்தது.

அதன் பிறகு மண்டபத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் யாரும் பார்க்கவில்லை. துரை நிற்பான், யாராவது பூந்தி கொடுப்பார்கள். இன்னும் நன்றாக நிற்பான், இரண்டு பேர் கொடுப்பார்கள். நாதஸ்வரக்காரர் துரையைப் பார்த்து ஒரு வரியைத் தப்பாக வாசித்தார். தரையில் ஒரு முடி இல்லை. ஜோதிலட்சுமி தன் பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி, எந்த அறையில் படுக்க வைப்பது, ஏசி எந்த அளவில் வைப்பது என்று நிஷாவோடு பேசத் தொடங்கினார். பஞ்சாட்சரம் பாதி தின்ற கேசரியை அப்படியே கீழே வைத்தார்.

திடீரென்று துரை பூந்தியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான். தினமும் விடியற்காலையில் பார்க்கிற பார்வை. வேறு யாருக்கும் அது புரியாது.

அவனை அப்படியே வாரி அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாழைமரத்தடியில் இறக்கினார். துரை காலைத் தூக்கினான். தூக்கிய கால் பாதியில் நின்றது. பஞ்சாட்சரம் பட்டு வேட்டியோடு தெருவில் மல்லாக்கப் படுத்து, நாயின் அடியில் புகுந்து ஹூக்குகளை அவிழ்க்கத் தொடங்கினார். ஹமீதுன்னிசா வைத்த ஹூக் லேசில் கழலாது. கடைசி ஹூக் கழன்றது. துரை காத்திருக்கவில்லை. வாழைமரமும் நனைந்தது, அவர் அங்கவஸ்திரமும் நனைந்தது.

"சம்மந்தி, அங்க என்ன பண்றீங்க?"

ஜோதிலட்சுமி நின்றிருந்தார். பக்கத்தில் நிஷா. விருந்துக்கு வந்திருந்த ஹமீதுன்னிசாவும் பின்னால் நின்று, அவிழ்ந்த சட்டையைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என் தப்புண்ணே. வயித்தாண்ட வெட்டி வுட்டிருக்கணும். எனக்கு ஏன் தோணாம போச்சி."

பஞ்சாட்சரம் பேசாமல் இருந்திருக்கலாம். பழி அவள் மேலேயே நின்றிருக்கும். படுத்தபடியே சொன்னார்.

"உங்க தப்பு இல்லம்மா. அளவெடுக்கும்போதே எனக்குத் தெரியும். நான் சொல்லல."

"ஏம்பா?" என்றாள் நிஷா.

"சட்டை சரியா இருந்தா அவன் போயிடுவான்ல."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மௌனம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேப்பா," என்றாள் நிஷா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கீழேயிருந்து தெரியவில்லை. "உங்களுக்குத் தொந்தரவுன்னுதான் நான் கூட்டிட்டுப் போறேன்னேன். உங்ககூடவே இருக்கட்டும்."

ஒரு வார்த்தை சொல்ல மாட்டாராம், தான் மட்டும் விடிய விடிய ஹூக் வைக்க வேண்டுமாம் என்று ஹமீதுன்னிசா பொரிந்தாள். பொரியும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சட்டை கழன்ற துரை உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினான். காலையிலிருந்து உள்ளே அடைபட்டிருந்த முடியெல்லாம் வெயிலில் பொன்னாகக் கிளம்பி, சுழன்று, ஜோதிலட்சுமியின் மாம்பழ நிறப் புடவையில் நிதானமாக வந்து அமர்ந்தது. அவர் ஒருமுறை தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். பிறகு கையை விட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமைல அவனைக் கூட்டிட்டு வாங்க சம்மந்தி," என்றார். "சட்டையெல்லாம் வேணாம். நான் பழைய புடவை கட்டிக்கிறேன்."