அழகையா கேட்ட இரண்டு சாட்சி

ஊரின் பெயர் ஆய்வறிக்கையில் கிடையாது. ‘ஊர் – 4’ என்றுதான் இருக்கும். பண்ணைக்காட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம், இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்த இருபத்துமூன்று குடும்பங்கள், அதற்கு மேலே ஒரு ரிசார்ட். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அங்கே பஞ்சாயத்துத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை அழகையாவுக்கு. பதினெட்டு வருஷமாக அந்த வேலைதான். ஆய்வுக்குப் பேட்டி எடுக்கப் போன விஜயராணியின் அப்பாவும் அவரும் சின்ன வயதில் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். அந்த உரிமையில் அவள் பெரியப்பா என்று கூப்பிட்டாள். அந்த உரிமையிலேயே அவரும் மூன்று மணி நேரம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்.

வீடுகளுக்கு நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர். மற்ற நாளெல்லாம் இரண்டாவது குழாயில் ரிசார்ட்டுக்கு. எப்போது எதைத் திறப்பது என்று எழுதுவது ரிசார்ட் மேனேஜர். பஞ்சாயத்து அதிகாரி கையெழுத்து மட்டும் போடுவார். புகார் கொடுத்தால் விசாரிக்க வருகிறவருக்கு ராத்தங்கலும் சாப்பாடும் அதே ரிசார்ட்டில்.

“அரசாங்கத்தைத் தனியாள் கைப்பத்துறதுன்னு இதைத்தான் படிக்கிறோம் பெரியப்பா. வெளிநாட்டு நிதி, மூணு வருஷ ஆய்வு.”

“கைப்பத்துறதா? அது எந்தக் காலத்துலயிருந்தோ அவுக கைக்குள்ளதான புள்ள கெடக்கு. இதைக் கண்டுபிடிக்கவா வெள்ளக்காரன் காசு குடுக்கான்?”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சுப்பம்மா குரல் கொடுத்தாள். “நம்மகிட்டக் கேட்டிருந்தா ஒத்த வரியில எழுதிக் குடுத்திருப்போம்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் விஜயராணி ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். பெயர் வெளியே வராது, படிவம் பூட்டிய அலமாரியில் இருக்கும், கையெழுத்து இல்லாத பேட்டியை நிதி கொடுப்பவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள்.

அழகையா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாட்சி போட எடம் எங்க?”

“இதுக்குச் சாட்சி கெடையாது. ரகசியம்.”

“சாட்சி இல்லாத பேப்பர் என்ன பேப்பரு? கப்பல் எறங்குனதும் மண்டபம் கேம்ப்புல எங்கப்பன் அப்பிடித்தான் ரேகை வச்சான். எங்களுக்குன்னு சொன்ன நெலம் எவனுக்கோ போச்சு. கேட்டா, நீ ரேகை வச்சதை யாரு பாத்தான்னான். அன்னையிலருந்து எங்க தோட்டத்து லயத்து ஆளுக ரெண்டு சாட்சி இல்லாம எதுலயும் கை வைக்கிறதில்ல.”

அந்த இடத்தில் அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஆய்வின் தலைவர் சிவராமன் சென்னையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையின் முதல் வரைவு போயாக வேண்டும். நாற்பது பேட்டியில், கண்ணால் கண்டதைச் சொன்னவர் இவர் ஒருவர்தான். இது இல்லையென்றால் அடுத்த ஆண்டு நிதி வராது, அவள் வேலையும் நிலைக்காது.

அழகையா வாசலில் நின்று இரண்டு பேரைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி ஒருத்தி, ஜீப் ஓட்டும் சேனாதிபதி ஒருவன். விஜயராணி ஸ்கேல் வைத்துப் படிவத்தின் அடியில் இரண்டு கோடு போட்டாள். தலைப்பில் ‘பொது நிர்வாகத்தில் ஊழல் பற்றிய ஆய்வு’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. சேனாதிபதி முழுவதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

பதினோராம் நாள் அழகையாவிடமிருந்து வால்வு சாவியை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அவர் வீட்டுச் சுவரில் நோட்டீஸ்: ஓடைப் புறம்போக்கு, ஏழு நாளில் காலி செய்ய வேண்டும். இருபத்துமூன்று வீடும் அதே ஓடைக்கரையில்தான் இருக்கின்றன. நோட்டீஸ் ஒரு வீட்டுக்கு மட்டும்.

செய்தி கேட்டு வந்த விஜயராணி ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேனாதிபதியைப் பிடித்தாள்.

“நீங்கதான சொன்னீங்க?”

“ஆமாங்க.” அவன் மறைக்கவே இல்லை. “மேனேஜர் நம்ம வண்டியிலதான் போவாரு. பை மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு வந்துச்சே, அழகையா வீட்டுல என்ன சோலின்னு கேட்டாரு. சொன்னேன். சாட்சி போட்டவன் தெரியாதுங்கலாமா? பெறகு எதுக்கு என்னைக் கூப்புட்டுக் கையெழுத்து வாங்குனீக?”

அவள் திரும்பி நடந்தாள். வழியிலேயே சிவராமனுக்குப் போன் போட்டாள்.

“வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா நாம தலையிட்டா ஆய்வோட நடுநிலை போயிடும். வக்கீலுக்குன்னு நிதியில ஒதுக்கீடும் இல்ல.”

“அந்தப் பேட்டியை எடுத்துடலாம் சார்.”

“எடுத்தா நோட்டீஸ் நின்னுடுமா? அந்த நோட்டீஸை நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இதைவிட ஆதாரம் நமக்கு எங்க கெடைக்கும்?”

அவள் போட்டோ அனுப்பவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் வரிசையில் நின்றாள். எந்தத் தேதியில் போனாள், என்ன கேட்டாள், யார் முன்னால் எழுதி வாங்கினாள், அதன் பிறகு ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படி நோட்டீஸ் வந்தது என்று தேதிவாரியாக எழுதி, தன் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். ரசீது மட்டும் கிடைத்தது. ஆய்வுத் தகவலை வெளியிட்டதற்காக அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நீக்கிக் கடிதமும் வந்துவிட்டது.

ஏழாம் நாள் விடிந்ததும் அழகையா சட்டை மாட்டி, தலை சீவி, ரோட்டைப் பார்த்து நின்றிருந்தார்.

“உங்க ஆளுக வெள்ளனே வந்துருவாகளா புள்ள? கையெழுத்து வாங்குன அந்த வெளிநாட்டுக்காரவுக?”

“யாரும் வரமாட்டாங்க பெரியப்பா.”

“பெறகு எதுக்கு அந்தக் கையெழுத்து?”

“அது அவங்க பாதுகாப்புக்கு. உங்களுக்கில்ல.”

அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சுப்பம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். விஜயராணி பிடிக்கப் போனபோது சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு ஜேசிபி வளைவில் ஏறி வந்தது. பின்னால் இரண்டு போலீஸ். மற்ற இருபத்திரண்டு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்; ஒருவரும் கிட்டே வரவில்லை. இயந்திரத்தின் கை வீட்டின் பக்கச் சுவருக்குத் திரும்பியதும் அழகையா கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். போலீஸ்காரர் ஒருவர் அவர் தோளைப் பிடித்தார்.

“விடுங்க சார், நான் மறிக்க வரல. ஏலே தம்பி, அங்க குத்தாத! அடியில லைன் போகுது. ஒடைஞ்சா இந்த வீடுகளுக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணி இருக்காது.”

டிரைவர் என்ஜினை நிறுத்தினான். “எந்தப் பக்கமாப் போகுதுங்க?”

அழகையா தன் வீட்டுச் சுவரை ஒட்டி நடந்து, குதிகாலால் மண்ணில் அடையாளம் வைத்தார். கொய்யா மரத்துக்கிட்டே வளைந்து, அங்கிருந்து நேராகக் கீழே.

“புள்ள, இதுமேல ஒவ்வொரு கல்லா எடுத்து வை.”

விஜயராணி குனிந்து கல் பொறுக்கினாள். அவர் காட்டிய இடத்திலெல்லாம் வைத்துக்கொண்டே போனாள். கடைசிக் கல்லையும் வைத்தபின் அழகையா சுவரிலிருந்து விலகி நின்றார்.

“இப்ப இடி.”