தரை தொட்ட கரும்பலகை

ரெனிதா அண்ணனுக்கு பஜ்ஜி ஊட்டிக்கொண்டிருந்தாள். ரூபஸின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கறுப்புப் பெயிண்ட். வெள்ளானூர் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புச் சுவரில், காலையிலிருந்து நின்றபடியே கரும்பலகை தீட்டியிருந்தான்.

“வலது பக்கம் சாயுதுடா அண்ணா.”

“சிவில் இன்ஜினியர் கண்ணு இது. லெவலே என்னப் பாத்துதான் கத்துக்கும். நீ சட்னில தொட்டுக் குடு.”

பள்ளிக்கு வண்ணமடித்துத் தர உடன் வந்திருந்த கல்லூரித் தோழர்கள் சிரித்தார்கள். பெயிண்ட் காய்ந்ததும் ஆளாளுக்கு சாக்பீஸால் எழுதிப் பார்த்தார்கள். எழுத்து பளிச்சென்று விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் குழந்தை ஒன்றுகூட இல்லை.

அந்த வாரமே ரூபஸுக்கு டெங்கு கண்டது. அடுத்த ஞாயிறு அவன் இல்லை.

காட்டுப்பாக்கத்து வீட்டில் ஜெபத்துக்கு வந்தவர்களின் கூட்டம் ஓய்ந்த பிறகு, ரெனிதா மறுபடி வெள்ளானூர் போனாள். வேலை பாதியில் நின்றிருந்தது. அதைவிட, அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பராகா தன் வண்டியில் கூட்டிப்போனான். தான்சானியாவிலிருந்து படிக்க வந்தவன், ரூபஸின் வகுப்புத் தோழன்.

வனஜா டீச்சர் ரெனிதாவின் கையைப் பற்றிக்கொண்டார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்குச் சங்கடமாக இருந்தது.

“போர்டு ரொம்ப உயரம்மா. பசங்களுக்கு எட்டல. ஒரு பொண்ணு பெஞ்சு மேல ஏறி விழப் பாத்துச்சு. வெள்ளையடிச்சிட்டு, கீழ வேற போட்டுடலாமான்னு… நீ வர்ற வரைக்கும் தொடக்கூடாதுன்னு வெச்சிருக்கேன்.”

எழுதிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் வளர்ந்தவர்கள். டீச்சர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் அண்ணன் கடைசியாகச் செய்த வேலையின் மேல் வெள்ளையடிக்கச் சம்மதிக்க ரெனிதாவுக்கு மனம் வரவில்லை.

பராகா சுவர் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

“டீச்சர், எங்க ஊர்ல நான் படிச்ச ஸ்கூல்லயும் இதே கததான். யூனிவர்சிட்டி பசங்க வந்து சூப்பரா போர்டு போட்டுக் குட்த்தாங்க. வாத்தியாருக்கு மட்டுந்தான் எட்டும். அப்பால அவங்களே வந்து தரை வரிக்கும் கறுப்பு அட்ச்சாங்க. ஒண்ணாங்கிளாஸ் பூரா நான் இப்டி குந்திகினுதான் எழுதினேன்.”

“அப்போ வெள்ளையடிக்க வேணாமா?”

“இன்னாத்துக்கு? அப்டியே கீழ இஸ்த்துக்கலாம். மேல உங்களுக்கு, கீழ பசங்களுக்கு.”

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “யாருப்பா உனக்கு இந்தத் தமிழக் கத்துக் குடுத்தது?”

“நம்ம ரூபஸுதான்.”

ரெனிதாவும் சிரித்துவிட்டாள். அண்ணன் போன பிறகு அவன் பெயரைக் கேட்டு அவள் அழாமல் இருந்தது அன்றுதான் முதல்முறை.

இருவரும் தரைவரை பெயிண்ட் அடித்தார்கள். பஜ்ஜி வந்தபோது ரெனிதாவின் கைகளும் கறுப்பாகியிருந்தன. பராகா கை கழுவி வந்து ஒன்றை எடுத்து அவள் வாயருகே நீட்டினான், கடித்தாள்.

அடுத்த நாள் குழந்தைகள் சுவரோரம் வரிசையாகக் குந்தி எழுதினார்கள். பெஞ்சில் ஏறிய பெண் ஐந்து கால் பூனை ஒன்று வரைந்தாள். மேலே டீச்சர் எழுதிய தேதியைப் பார்த்தபடி ரெனிதா வாசலில் நின்றாள்.

பலகையின் மேல் விளிம்பு இப்போதும் வலது பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.