கூரைக்கு ஒரு கண்ணாடி

வெளியூர் டிரிப் முடித்துக் காலையில் வீடு திரும்பிய பஸ் டிரைவர், நடு அறைக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கட்டிலில் வானம் படுத்திருந்தது.

கூரை ஓடுகளைப் பிரித்து, கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடியைப் பதித்திருந்தார்கள். அதன் வழியே இறங்கிய வெளிச்சம் தலையணை, போர்வை, தரை என்று பாலாகப் பரவிக்கிடந்தது. அந்தப் பாலுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, மனைவி ஒரு பல்லுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். அதை வைத்துப் பீங்கான் பல் செய்து கொடுப்பது அவள் தொழில்.

"என்ன இது?"

"கண்ணாடிங்க. நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"நானா?"

"போன்ல கேட்டேனே! இந்த இருட்டுல முடியலைங்க, கண்ணாடி போட்டாதான் வேலை ஓடும்னேன். 'இதைக்கூடவா கேப்பே, பெருசாவே போட்டுக்கோ'ன்னீங்க."

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா தாயே, நான் சொன்னது மூக்குல மாட்டுற கண்ணாடி!"

"மூக்குல மாட்டுறதை யாராவது பெருசா போடச் சொல்வாங்களா?"

"கூரைக்கு மட்டும் என்ன, பார்வை மங்கிப்போச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டியிருப்பதால் ஜன்னலே இல்லாத அறை அது. இரவெல்லாம் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த இருட்டு ஒரு சொத்து.

"ஒரு பஸ் ஜனம் என்னை நம்பித் தூங்குது. நான் பகல்ல தூங்கினாதான் அவங்க ராத்திரி நிம்மதியா தூங்க முடியும். தெரியும்ல?"

"முன் அறையில படுங்களேன்."

"ஜன்னல் வழியா தெருவே எட்டிப் பார்க்கும். பட்டப்பகல்ல குறட்டை விடுறான்னு கும்பகர்ணன் பட்டம் கட்டுவாங்க. எனக்கு எதுக்கு அது?"

அங்கேயே நின்று மேஸ்திரிக்குப் போன் செய்தார். "சாயங்காலம் ஒரு பலகையோட வாங்க. அடைக்க வேண்டியிருக்கு."

அவள் முகம் சுருங்கிப்போனது. பாட்டு டீச்சரின் முன்பல்லை இரண்டு முறை செய்து கொடுத்தாயிற்று, இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. "வீட்டுக்குள்ள நல்லாத்தான் இருக்கு. தெருவுல இறங்கினா இது மட்டும் பக்கத்து வீட்டுப் பல் மாதிரி தெரியுது" என்று டீச்சர் புகார் சொல்லியிருந்தார். மஞ்சள் பல்பின் கீழ் கலந்த நிறம் வெயிலில் காட்டிக்கொடுத்துவிட்டது. முன் அறை ஜன்னலருகே உட்கார்ந்தாலோ, தெருப் புழுதி ஈர வர்ணத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு முறை திரும்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இன்று டீச்சரே நேரில் வருகிறார்.

"சாயங்காலம் வரைக்கும் விடுங்க. அதுக்குள்ள முடிச்சிடறேன்" என்றாள்.

அடுத்த பல்லுக்கு என்ன செய்வது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிட்டு, கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். வெளிச்சம் துண்டைத் தாண்டி, இமையையும் தாண்டி வந்தது. புரண்டு புரண்டு படுத்தார்.

உச்சிப்பொழுதுக்கு டீச்சர் வந்தார்.

"உள்ள யாரோ படுத்திருக்காங்க போலிருக்கே?"

"எங்க வீட்டுக்காரர்தான். பரவாயில்லை, வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நீங்க எவ்வளவு பேசிட முடியும்?"

டிரைவர் திரை இடுக்கு வழியே பார்த்தார். முதல் மழைத்துளியைப் பிடிக்கிற குழந்தை மாதிரி டீச்சர் கூரையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றார். மனைவி பீங்கான் பல்லைத் தண்ணீரில் தொட்டு, மற்ற பற்களுக்குப் பக்கத்தில் பிடித்தாள். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இத்தனை நாளா பல்லுன்னா வெள்ளைன்னு நினைச்சுட்டேன் டீச்சர். உங்க பல் நுனியில நீலம் ஓடுது. ஈறுப் பக்கம் தேன் மாதிரி இருக்கு."

டீச்சர் வாயை மூடித் திறந்தார். "தேனா? நான் காபிக் கறைன்னுல்ல தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன்!"

ஊசி முனையளவு நீலம் தொட்டு வைத்து, பல்லைச் சின்ன மின்சார உலைக்குள் வைத்தாள். பல் வேகும்வரை டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே ஏதோ ஒரு ராகத்தை முனகினார். அறையில் வேறு சத்தமில்லை. வெளிச்சம் தரையில் மெல்ல ஊர்ந்தது.

டிரைவரின் இமைகளுக்குள் செம்மஞ்சளாக ஒரு மைதானம் விரிந்தது. அதில் அவருடைய பஸ் சக்கரமே இல்லாமல் மிதந்து போனது. பயணிகள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் ஒரு மேகம் குறுக்கே வந்தது. ஹாரன் அடிக்க மனம் வராமல் அவர் காத்திருந்தார். மேகம் கடந்ததும், கண்ணாடிக்கு அப்பால் யாரோ முக்காலியில் உட்கார்ந்து வானத்துக்கு நீலம் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று பார்ப்பதற்குள் உலையின் மணி அடித்து, அவர் கண் விழித்தார்.

பல்லைப் பொருத்தியாகிவிட்டது. டீச்சர் தெருவுக்கு இறங்கி, வெயிலில் நின்று கைப்பையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்து முகம் பார்த்தார். பிறகு வேகமாக உள்ளே வந்தார்.

"எதும்மா நீ செஞ்ச பல்? எனக்கே தெரியலை!"

வாயைக் கையால் மறைக்காமல் டீச்சர் சிரித்தார். திரை இடுக்கிலிருந்து தேடிய டிரைவருக்கும் அது எதுவென்று தெரியவில்லை.

டீச்சர் போன பிறகு மனைவி சந்தோஷத்தில் துள்ளவில்லை. தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தாள். வர்ணக் கிண்ணங்களை மூடினாள். எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கிளம்புகிற விருந்தாளியின் கையைப் பிடித்திருப்பவள்போல இருந்தது. அவள் முகத்தைக் கல்யாணமானதிலிருந்து பல்பு வெளிச்சத்தில் பார்த்தே அவருக்குப் பழக்கம். புருவத்துக்கு மேல் இவ்வளவு சின்னதாக ஒரு மச்சம் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

பொழுது சாய்வதற்கு முன்பே மேஸ்திரி பலகையோடு வந்துவிட்டார். "ஏணி எங்கே சார் போடணும்?"

"ஏணி வேண்டாம். முன் அறை ஜன்னலை அடைங்க."

மேஸ்திரி ஒரு தடவை கூரையைப் பார்த்தார், ஒரு தடவை அவரைப் பார்த்தார். மனைவி பதறிக்கொண்டு வந்தாள்.

"அங்கேயா? தெருவுல எல்லாரும் கேப்பாங்களேங்க!"

"கேக்கட்டும். டிரைவர் தூங்குறார்னு சொல்லு." அவர் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கினார். "பார்த்துக்கிட்டே நிக்காதே. கால்மாட்டைப் பிடி."

கட்டில் நகர்ந்த இடத்தில், மாலை வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது.