வீட்டுப்பற்று

“அண்ணாச்சி, உங்க வீட்ல எத்தினி பேர் சாப்பிடுறாங்க?” என்று கேட்டார் ஆடிட்டர் அக்பர் பாஷா.

ராயப்பேட்டையில் அவருடைய ஆபீஸ் மேஜைமேல் என் கடைப் பேரேடு விரிந்து கிடந்தது. என் கணக்குப்பிள்ளை பொன்ராஜ் குடையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தான்.

“வீட்டுப்பற்றுன்னு எழுதியிருக்கிறதைப் பார்த்தா தி. நகரே உங்க வீட்லதான் சாப்பிடுது போல கீது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

தியாகராய நகரில் இருக்கும் துணிக்கடை எங்கள் அப்பா வைத்தது. மந்தைவெளிக் கிளையை என் தம்பி அய்யாதுரைக்காக நான் வைத்தேன். திறந்த நாள் முதல் அது தன் வாடகையைக்கூடச் சம்பாதித்ததில்லை. குறைவான சொல் எதையும் எங்கள் கடையில் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். துணி அளக்கும்போதுகூட ஒன்று என்று தொடங்குவதில்லை. ‘லாபம், ரெண்டு, மூணு’ என்றுதான் எண்ணுவோம். அப்படியிருக்கத் தம்பி பார்க்கும் கடைக்கு நேராக நஷ்டம் என்று எழுத எந்த அண்ணன் சம்மதிப்பான்? மந்தைவெளிக்குப் போன பணத்தையெல்லாம் வீட்டுப்பற்று என்று, என் வீட்டுச் செலவாக எழுதச் சொன்னேன். பொன்ராஜ் எழுதினான். முதலாளி சொன்னதை அன்றன்றைக்கு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதுதான் கணக்குப்பிள்ளையின் வேலை. ஆடிட்டர் என்றால் கோட்டுப் போட்ட கணக்குப்பிள்ளை என்றுதான் நான் நினைத்திருந்தேன். வரி ஆபீசிலிருந்து கேள்வி வந்ததால் இவரிடம் வந்தேன். இவரோ பேனாவைத் திறக்கவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

“வீட்டுச் செலவை வருமானத்துல கழிக்க முடியாது. கடை நஷ்டத்தைக் கழிக்கலாம். நீங்க வராத லாபத்துக்கு வருஷா வருஷம் வரி கட்டிக்கினு இருக்கீங்க.”

“கட்டிட்டுப் போறேன். அது எங்க வீட்டுச் சங்கதி.”

“தாராளமா கட்டுங்க. ஆனா பெரிய கடையே ஆட்டம் காணுது. இப்படியே போனா அடுத்த தீபாவளிக்கு ரெண்டுமே இருக்காது.”

பொன்ராஜைத் திரும்பிப் பார்த்தேன். “ஏல, உனக்குத் தெரியுமா?”

“எழுதச் சொன்னிய, எழுதுனேன். ஏன்னு கேக்கதுக்கு எனக்கு ஏது வாய், அண்ணாச்சி?”

அடுத்த வாரம் அக்பர் பாஷா கணக்கைத் திருத்தி, டைப் அடித்த தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். மந்தைவெளிக் கடைக்கு நேராக, நான் எழுதவிடாத அந்தச் சொல் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பங்குதாரர் என்பதால் தம்பியும் போட வேண்டுமாம்.

“அவன் படிக்க வேண்டாமே. இடத்தைக் காட்டினா போட்டுருவான்.”

“படிக்காதவர் கையெழுத்து எனக்கு வேணாம் அண்ணாச்சி. எனக்கும் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?”

கௌரவம் என்ற சொல்லை என் முகத்துக்கு நேரே இன்னொருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பொன்ராஜோடு டாக்சியில் மந்தைவெளிக்குப் போனேன்.

கடையில் ஒரே ஒரு அம்மாள், பாவாடைத் துணிக்காகக் காத்திருந்தாள். அய்யாதுரை என்னைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை இறக்கினான்.

“வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்திய! இன்னைக்கு யாவாரம் சூடு பிடிச்சிட்டு.”

“இன்னா சூடு? வந்து எவ்ளோ நேரமா நிக்கிறேன், ஒரு ஈ காக்கா வரல. சீக்கிரம் அள நைனா,” என்றாள் அம்மாள்.

தம்பி சிரித்துக்கொண்டே துணியை விரித்தான். மீட்டர் கம்பைத் தாண்டி நாலு விரற்கடை கூடவே விட்டுப் பிடித்தான். நானும் அப்படித்தான் அளப்பேன், அப்பா கை. பொன்ராஜ் கையெழுத்துக்காகப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தான். என் கை சட்டைப்பை வரை போய் நின்றது.

“லாபம்,” என்றான் அய்யாதுரை, கடை முழுக்கக் கேட்கும்படி. பிறகு துணியை இழுத்து, இரண்டாம் முறை கம்பை வைத்தான்.