ஆறாத புண்

ரப்பர் விலை விழுந்த வருடம் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மருதாயியின் தங்கை குடும்பமும் போனது. புருஷனைப் புதைத்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று மருதாயி மட்டும் தங்கிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. லயத்து வரிசையில் அவள் காம்பிராவின் இரண்டு பக்கத்து அறைகளும் காலியாகக் கிடந்தன.

ரப்பர் பால் வெட்டி முடிந்ததும் கூட வேலை செய்யும் தங்கம்மா, இராஜம் இருவரோடு மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். நாளெல்லாம் அவள் வாய்திறந்து பேசுவது அந்த அரைமணி நேரம்தான். மற்ற நேரத்தில் வலது கன்னத்தில் புகையிலை அடக்கியிருப்பாள். தூங்கும்போதும் அது அங்கேயே இருக்கும்.

அதே இடத்தில் ஒரு புண் வந்தது. வலியில்லை, சுண்ணாம்பு பட்டால் மட்டும் எரிந்தது. இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. அவள் புகையிலையை இடது பக்கம் மாற்றிக்கொண்டாள்.

கடைவீதியில் புகையிலை விற்ற, அவள் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் அப்துல் ரஸாக் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏன் புள்ள, ஒரு பக்கமாவே மெல்லுறீங்க?"

"சின்னப் புண்ணு நானா. அது பாட்டுக்கு இருக்கு."

"எவ்வளவு நாளா?"

அவள் சொன்னதும், கட்டிக்கொண்டிருந்த புகையிலையை அவர் திரும்பப் பெட்டியில் போட்டார்.

"என் பொஞ்சாதி றஸ்மியாவுக்கும் இப்படித்தான். வலிக்கலேன்னு ஏழு மாசம் மறைச்சா. காட்டினப்போ கழுத்துல கட்டி வந்துட்டு. டாக்டர் கையை விரிச்சிட்டார். உங்களுக்கு நான் புகையிலை தரமாட்டேன். போய்க் காட்டுங்க."

மருதாயிக்குக் கோபம் வந்தது. வேறு கடையில் வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் வீட்டில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தபோது, புண்ணின் ஓரம் காய்ப்பு போலக் கெட்டியாக இருந்தது. வாங்கியதை அடுப்பில் போட்டாள்.

தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் பார்த்துவிட்டுக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். சின்ன ரயிலில் தனியாகப் போனாள். வார்டில் மற்றவர்களைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அந்த நேரத்தில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புண்ணை வெட்டி எடுத்தார்கள்.

டாக்டர் சிங்களத்தில் சொன்னார். அவளுக்குப் புரிந்தது. அது புற்று; நல்லவேளையாகப் பரவுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள்; இனிப் புகையிலை கூடாது; வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ எது தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே வரவேண்டும்.

திரும்பிவந்த முதல் நாள் இராஜம் வெற்றிலையை நீட்டினாள்.

"வேணாம் இராஜம். நீங்களும் புகையிலைய விட்டுருங்க. வாயத் தொறந்து காட்டுங்க, பாக்குறேன்."

"அடியே, கொழும்புக்குப் போயி டாக்டராகி வந்துட்டா!" என்று தங்கம்மா சிரித்தாள். இராஜமும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் வேறு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். மருதாயி வெறும் தேத்தண்ணீரோடு தனியாக உட்கார்ந்தாள். வெட்டிய கன்னம் இழுத்ததால் வாய் முழுதாகத் திறக்கவில்லை. பேச ஆளில்லாததால் அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. புகையிலை ஆசை மட்டும் மாதக்கணக்கில் அவளை அலைக்கழித்தது.

ஒரு வருடம் கழித்துக் கொழும்பில் டாக்டர் விளக்கைப் பிடித்து வாய் முழுவதும் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார்.

"கூட யாரும் வரலியா?" என்று தாதி கேட்டாள்.

"இல்லைங்க."

ரயிலில் வரும்போது இதை யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். யட்டியாந்தோட்டையில் இறங்கியதும் ரஸாக்கின் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். ஓரமாக நின்று, ஆட்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"சுத்தமாயிருச்சாம் நானா."

அவர் கையிலிருந்த புகையிலையைக் கீழே வைத்தார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "றஸ்மியா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

மருதாயி தலையாட்டிவிட்டு மலைப்பாதையில் ஏறினாள்.